காலை ஜெபமும் கைநாட்டும்

நான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது முப்பத்தோராவது வயதில். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. தினமும் விடியுமுன் கால் மணி நேரம் வேதப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து நானாகப் பிடித்துக்கொண்ட எழுத்து அது. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிலர், பக்தியில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நான் பதில் சொல்லப் போவதில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நாங்கள் இலங்கையில் களுத்துறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா மரத்தைக் கீறிப் பால் வெட்டினார். பன்னிரண்டு வயதில் நானும் கத்தியை எடுத்தேன். பிறகு இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இவர்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பிரித்துக்கொண்டன. எங்கள் குடும்பம் இந்தியாவின் பங்கில் விழுந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். மண்டபம் முகாமில் சில மாதங்கள் கிடந்தோம். அங்கே ஒரு நாள், அந்தமான் பக்கம் ரப்பர் போடுகிறார்கள், பால் வெட்டத் தெரிந்தவர்கள் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னார். சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு நாலு நாள் கப்பல். அங்கிருந்து தெற்கே, நிக்கோபார் பக்கத்துத் தீவு ஒன்றுக்கு இன்னொரு சின்னக் கப்பல். மகளுக்கு ஆறு வயது. வழியெல்லாம் வாந்தி எடுத்தாள்.

தீவில் வரிசையாகத் தகரக் கூரை வீடுகள் கட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் குவார்ட்டர்ஸ் என்றார்கள். நாங்கள் பழைய வாயால் லயம் என்றோம். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்தைப் பெரட்டு என்றோம். மேற்பார்வைக்கு மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த தமிழரைக் கண்டாக்கையா என்று கூப்பிட்டோம். அப்படிக் கூப்பிடும்படி அவர் சொல்லவில்லை. கூப்பிட்டபோது வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சிலோனில் துரை எதிரே வந்தால் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணிக் கானுக்குள், அந்த வடிகாலுக்குள், இறங்கி நிற்போம். மழை கொட்டினாலும் குடையை மடக்குவோம். இங்கே கான் கிடையாது, குடையும் கிடையாது. ஆனாலும் அந்த மனிதரின் தலை தூரத்தில் தெரிந்ததும் என் முதுகு தானாக வளைந்தது. நான் சொல்லி வளையவில்லை. உடம்புக்கே அது தெரிந்திருந்தது.

கண்டாக்கையா கெட்டிக்காரர். கெட்ட வார்த்தை சொல்லித் திட்ட மாட்டார். "உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்?" என்று மட்டும் கேட்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பார். கேட்டுக் கேட்டு எனக்கே, எனக்கு எதுவும் தெரியாது என்று உறுதியாகிவிட்டது.

என் அம்மா கிறிஸ்தவள். அப்பாவைக் கட்டி வந்த பிறகும் விடவில்லை. எனக்கும் ஞானஸ்நானம் கொடுத்தாள். ஆனால் எங்களுக்குக் கிறிஸ்தவம் என்றால் சுவரில் ஒரு படம், கிறிஸ்மஸுக்குக் கேக், செத்தால் சிலுவை, அவ்வளவுதான். அம்மா சாகும்போது ஒரு தமிழ் வேதப்புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். அவளுக்கும் வாசிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். கடல் கடந்து வந்தபோதும் அது அடியிலேயேதான் வந்தது.

அதை வெளியே எடுக்க வைத்தது ஒரு தண்ணீர்ச் சண்டை.

லயத்துக்கு ஒரே பைப். என் வீட்டை ஒட்டியிருந்த வீட்டுக்காரி என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். வாய் நீளம். ஒரு நாள் என் குடத்தை ஒதுக்கிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். கேட்டதற்கு, "வேதக்காரிக்கு என்னா அவசரம், பூசையா புனஸ்காரமா?" என்றாள். நான் அவள் குடத்தை எடுத்து வீசினேன். அது கல்லில் பட்டு நசுங்கியது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவள் பைப்படியில் நின்றால் நான் போக மாட்டேன். துணி துவைக்கக் கீழே ஓடைக்குப் போக ஆரம்பித்தேன்.

ஓடைக்கு அப்பால் கடற்கரையை ஒட்டி நிக்கோபாரிகளின் கிராமம். நாங்கள் அவர்களைக் காட்டாளுங்க என்று சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன். எங்களைக் கூலிக்காரர்கள் என்று கேவலமாகப் பேசியவர்களிடம் கற்றுக்கொண்ட அதே குரலில்தான் நாங்கள் அவர்களைப் பேசினோம். அந்த ஓடையில் என் வயதுப் பெண் ஒருத்தி தினமும் வருவாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்திதான். அதில் அவளுக்கு என்னைவிடக் கொஞ்சம் நன்றாக வரும்.

விடிந்தும் விடியாததுமாக அவர்களுடைய வேதக்கோயிலில் மணி அடிக்கும். சாயங்காலமும் அடிக்கும். ஒரு நாள் அவளிடம், "ரோஜ்?" என்று கேட்டேன், தினமுமா என்று.

"ரோஜ்" என்றாள். "தும்?"

நீ என்று அவள் கேட்டதற்கு நான் கழுத்தில் கிடந்த சிலுவையைக் காட்டினேன். நானும் கிறிஸ்தவள்தான் என்று அர்த்தம். அவள் சிலுவையைப் பார்க்கவில்லை. சாமியோடு தினமும் பேசாமல் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. புருஷனோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பவளைக் கேட்பது போலக் கேட்டாள். காலையில் என்ன கேட்பீர்கள் என்று நான் விசாரித்தேன். மீனா, மழையா, தேங்காயா? அவள் யோசித்துவிட்டு, "மாங்த்தா நஹி. போல்த்தா" என்றாள். கேட்பதில்லை, சொல்லுவோம். நேற்று என்ன செய்தேன் என்று முதலில் சொல்லுவேன், அவர் சொல்லுவதை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்வேன் என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. காட்டாள் எனக்கு வேதம் சொல்லுகிறாளே என்ற கோபம். அந்தக் கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன்.

என் வீட்டுக்காரர் சிலோனில் ஐந்தாவது வரை படித்தவர். மறுநாள் காலை நாலு மணிக்கு அவரை எழுப்பினேன்.

"இதுல ஒரு பக்கம் வாசிங்க."

"பைத்தியமா பிடிச்சிருக்கு? பெரட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. தூங்க விடு."

"வாசிச்சுட்டுத் தூங்குங்க."

அவர் சாமி இல்லை என்று சொல்கிறவரும் இல்லை, உண்டு என்று சொல்கிறவரும் இல்லை. என் தொல்லை தாங்காமல் வாசித்தார். பாதித் தூக்கத்தில், கொட்டாவிக்கு நடுவில், ரேஷன் கார்டை வாசிப்பது போல வாசித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய விரல் போகும் இடத்தைப் பார்த்தேன். அவர் முடித்ததும் விளக்கைத் தணித்துவிட்டு மண்டியிடுவேன். அந்த நிக்கோபாரிப் பெண் சொன்ன மாதிரி, நேற்று என்ன செய்தேன் என்று சொல்லுவேன்.

சொல்லத் தொடங்கியதும்தான் தெரிந்தது, எனக்குச் சொல்ல எவ்வளவு இருந்தது என்று. மகளை அடித்தேன். எதற்கு அடித்தேன்? கண்டாக்கையா என்னைப் பேசிவிட்டார், அதற்கு அவளை அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரி வழுக்கி விழுந்தபோது உள்ளுக்குள் சிரித்தேன். இப்படி ஒவ்வொரு நாளும். முதலில் அழுகை வந்தது. பிறகு அழுகை நின்று யோசனை வந்தது. ஒரு நாள் சொன்ன தப்பை மறுநாள் திரும்பச் சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்காகவே சிலதைச் செய்யாமல் விட்டேன். மகளை அடிப்பது அப்படித்தான் நின்றது. மனசு ஒரே நாளில் வெளுத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துணியைப் போல அதைத் தினமும் கல்லில் அடிக்க வேண்டும்.

சில பக்கங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுவேன். பதினெட்டு வருஷம் முதுகு வளைந்து, நிமிர முடியாமல் இருந்த ஒரு பெண்ணின் கதை. சாமி அவளைக் கூப்பிட்டு, கை வைத்து நிமிர்த்துகிறார். ஓய்வு நாளில் இதைச் செய்யலாமா என்று கோயில் தலைவன் கோபப்படுகிறான். எனக்கு அந்தக் கோயில் தலைவனின் முகம் நன்றாகத் தெரியும். சிலோனிலும் பார்த்திருக்கிறேன், இங்கேயும் பார்க்கிறேன். அந்தக் கதையை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. மனப்பாடமாகிவிட்டது. மனப்பாடமான பிறகு ஒரு நாள், அவர் விரல் நகர்வதற்கு முன்பே என் கண் அடுத்த சொல்லுக்குப் போயிற்று. அந்தப் 'பெ' எங்கே வருகிறது, 'நி' எங்கே வருகிறது என்று தெரிந்தது. வேறு பக்கத்தில் அதே எழுத்தைத் தேடினேன். அங்கேயும் இருந்தது. எட்டு மாதத்தில் அவரை எழுப்புவதை விட்டுவிட்டேன். நானே வாசித்தேன், மெதுவாக, எழுத்தெழுத்தாக. என் பெயரை எழுதவும் பழகிக்கொண்டேன். அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

அதே சமயத்தில் முதுகிலும் ஒன்று நடந்தது. ஒரு நாள் பெரட்டில் கண்டாக்கையா வந்தபோது எல்லாரும் குனிந்தார்கள். நான் குனியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, அன்று மறந்துபோயிற்று. மறுநாள் நினைவு இருந்தது. குனியவா வேண்டாமா என்று யோசித்தேன். காலையில் ஒரு தடவை மண்டியிட்டாயிற்று, அது போதும் என்று தோன்றியது. "வணக்கமுங்க ஐயா" என்று நிமிர்ந்து நின்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வாரம் எனக்குக் கிடைத்த மரங்கள் எல்லாம் மேட்டின் உச்சியில் இருந்தன.

வேதத்தில் எதிரிக்காக ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கிறது. அதை வாசித்த நாளிலிருந்து கண்டாக்கையாவுக்காகவும் பக்கத்து வீட்டுக்காரிக்காகவும் ஜெபம் பண்ணினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பண்ணினேன். அவர்கள் மேல் எனக்கு அன்பு வரவில்லை. வந்ததென்று எழுதினால் பொய். பயம் போயிற்று. தினமும் காலையில் ஒருவருக்குக் காய்ச்சல் வரக்கூடாது, அவர் பிள்ளை நன்றாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, ஐந்து மணிக்கு அவரைப் பார்த்து நடுங்க முடியாது. அவரும் காய்ச்சல் வருகிற ஆள்தான் என்று தெரிந்துபோகிறது.

இனி விபத்தைச் சொல்ல வேண்டும்.

வெட்டின பாலை வடிகட்டித் தொட்டியில் ஊற்றி, அது உறைவதற்கு எசிட்டு என்கிற அமிலம் கலப்பார்கள். தண்ணீரில் கரைக்காத எசிட்டு கையில் பட்டால் தோலை எடுத்துவிடும். அதைக் கரைக்கிறதற்குத் தனியாக ஒரு ஆள், கையுறை, பூட்ஸ் எல்லாம் உண்டு. அன்று அந்த ஆள் வரவில்லை. நான் பால் வாளிகளை இறக்கி வைத்துவிட்டுத் தொட்டிக் கொட்டகை வாசலில் நின்றிருந்தேன். உள்ளே பக்கத்து வீட்டுக்காரி தொட்டி கழுவிக்கொண்டிருந்தாள். கண்டாக்கையா வந்தார். பால் உறையாமல் கெட்டுப்போகும் என்ற அவசரம் அவருக்கு.

"நீ போய் அந்த ஜாடியத் தூக்கிட்டு வா" என்றார் அவளிடம்.

"எனக்குப் பழக்கமில்லீங்கய்யா."

"தூக்குறதுக்கு என்ன பழக்கம்? உங்களுக்கெல்லாம் என்ன தெரியும், சொன்னதைச் செய்."

அவள் வெறுங்காலோடு தூக்கினாள். ஈரத் தரையில் வழுக்கியது. ஜாடி உடைந்து இரண்டு காலிலும் இடது கையிலும் எசிட்டு கொட்டியது. அவள் போட்ட சத்தத்தில் நான் உள்ளே ஓடினேன். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். ஒரு வருஷமாக அவள் முகத்தைப் பார்க்காதவள், அன்று அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பவுண்டர் வந்ததும் அவளை டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மறுநாள் மத்தியானம் கண்டாக்கையா என்னையும், அப்போது அங்கே நின்ற இன்னும் இரண்டு பெண்களையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் தமிழில் எழுதிய மூன்று தாள்கள். பக்கத்தில் மை டப்பா.

"ஒண்ணுமில்ல, நடந்ததை எழுதியிருக்கேன். மேல அனுப்பணும். ஆளுக்கு ஒரு கைநாட்டு வெச்சுட்டுப் போங்க."

மற்ற இருவரும் வைத்தார்கள். என் முறை வந்தது. நான் தாளை எடுத்தேன்.

"எடுக்காத. அப்படியே வை" என்றார்.

"வாசிச்சுட்டு வைக்கிறேங்க."

அவர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "வாசி, வாசி" என்றார்.

நான் வாசித்தேன். எனக்கு நேரம் ஆகும். விரலை வைத்துக்கொண்டு, உதடு அசைய, வரி வரியாகப் போனேன். முதல் வரி முடியும்போது அவர் சிரிப்பு நின்றது. அந்தப் பெண், மேற்பார்வையாளர் தடுத்தும் கேளாமல், தானாகவே உள்ளே புகுந்து ஜாடியைத் தூக்கினாள் என்று எழுதியிருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன் என்றும் எழுதியிருந்தது.

"இது நடக்கலீங்களே."

"என்ன நடக்கல?"

"நீங்க தடுக்கல. நீங்கதான் தூக்கச் சொன்னீங்க."

அவர் குரலைத் தணித்தார். "இங்க பாரு. அவளுக்கும் உனக்கும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். உன் குடத்தை அவ தள்ளுனது ஊருக்கே தெரியும். அவளுக்காக நீ எதுக்கு வம்புல மாட்டுற?"

எனக்கும் அதே கேள்வி இருந்தது, மறைக்க மாட்டேன். அவள் எனக்கு ஒரு நன்மையும் செய்ததில்லை. கைநாட்டு வைத்தால் என் மரங்கள் மேட்டிலிருந்து இறங்கி வரும். ஆனால் மறுநாள் காலையில் மண்டியிட்டு, நேற்று என்ன செய்தேன் என்று சொல்ல வேண்டும். அந்த இடத்தில் எனக்கு வார்த்தை கிடைக்காது.

"கைநாட்டு வைக்க மாட்டேங்க" என்றேன். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். நடந்ததை எழுதுங்க, போடுறேன்."

அவர் தாளைப் பிடுங்கிக்கொண்டார். "நாளையிலேருந்து உனக்கு வேலை இல்ல" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"சிலோன்லருந்து துரத்துனாங்க, இங்க வந்தோம். இங்கருந்தும் துரத்துனா எங்க போறது? கடலுக்குள்ளயா?"

"துரத்தட்டும்."

"உனக்கு அந்தப் புத்தகத்தை வாசிச்சுக் காட்டுனதுதான் நான் பண்ணுன தப்பு."

"தப்பில்ல. நீங்க பண்ணுனதுலயே அது ஒண்ணுதான் உருப்படி."

இரண்டு நாள் அவர் என்னோடு எதுவும் பேசவில்லை.

நான் பெரட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. வேலை இல்லை என்று அவர் வாயால்தான் சொன்னார்; தாளில் எழுதிக் கொடுக்கவில்லை. தினமும் ஐந்து மணிக்குக் கத்தியும் வாளியுமாக வரிசையில் நின்றேன். மற்றவர்களுக்கெல்லாம் மரம் பிரித்துக் கொடுப்பார். என்னைத் தாண்டிப் போய்விடுவார். எல்லாரும் போன பிறகும் வெயில் ஏறும் வரை நிற்பேன். பெண்கள் என்னைப் பார்க்காத மாதிரி நடந்தார்கள். கைநாட்டு வைத்த இருவரில் ஒருத்தி, ஒரு நாள் என்னைத் தாண்டும்போது, "மன்னிச்சுக்க அக்கா" என்று காதோடு சொல்லிவிட்டுப் போனாள். பதினோரு நாள் அப்படி நின்றேன்.

பகலில் டிஸ்பென்சரிக்குச் சோறு கொண்டு போனேன். முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எதுக்கு வந்த?"

"சோறு கொண்டாந்தேன்."

"உன் சாமிய கும்பிடச் சொல்லுவியா?"

"சாப்பிடத்தான் சொல்றேன்."

சாப்பிட்டாள். காலில் கட்டுப் போட்டிருந்தது. பாதி சாப்பிட்டதும், "நீ கைநாட்டு வைக்கலன்னு கம்பவுண்டர் சொன்னாரு" என்றாள். "அந்தக் குடம் நசுங்குனது நசுங்குனதுதான்" என்றாள் பிறகு. "அதுக்கு வேற குடம் வாங்கிக் குடு." வாங்கிக் கொடுக்கிறேன் என்றேன்.

ஓடையில் நிக்கோபாரிப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் இந்தியில் சொல்வதற்கு வெகு நேரம் ஆயிற்று. அடுத்த கப்பலில் போர்ட் பிளேயரிலிருந்து பெரிய ஆபீசர் வருகிறார், தங்கள் ஊர்த் தலைவருக்குச் செய்தி வந்திருக்கிறது என்று அவள்தான் சொன்னாள். அவரிடம் சொல்லு என்றாள். எனக்கு அவ்வளவு இந்தி தெரியாது என்றேன். "லிக்கோ" என்றாள். எழுது.

எனக்கு வாசிக்கத்தான் தெரியும். கையெழுத்தைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழகியதில்லை. மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். மூன்று காலைகள், ஜெபத்துக்கு உட்காரும் அந்த நேரத்திலேயே எழுதினேன். எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்று சந்தேகம் வந்தால் வேதத்தில் தேடுவேன். ஜாடி என்ற சொல் கிடைத்தது. எசிட்டு என்ற சொல் கிடைக்கவில்லை. நானாக எழுதினேன். மொத்தம் ஒன்பது வரி. அதையும் ஜெபம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். யாராவது இல்லையென்றால் சொல்லட்டும்.

கப்பல் வந்தது. ஆபீசர் வடக்கத்திக்காரர், கண்ணாடி போட்டவர். ஆபீஸ் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண்டாக்கையா பக்கத்தில் நின்று ஃபைல்களைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் படியேறிப் போய்த் தாளை நீட்டினேன். ஆபீசர் வாங்கி, புரட்டிப் பார்த்து, "யே க்யா ஹை?" என்றார், இது என்ன என்று.

கண்டாக்கையா கையை நீட்டினார். "லேபர் கம்ப்ளெயின்ட் சார். தமிழ்ல இருக்கு. நான் படிச்சு சொல்றேன்" என்று இந்தியில் சொன்னார்.

"நஹி" என்றேன். ஆபீசர் என்னைப் பார்த்தார். "மை லிக்கா. மை படேகா." நான் எழுதினேன், நானே படிப்பேன். அந்த இந்தி தப்பு என்று இப்போது தெரியும். அன்றைக்கு அவருக்கு அது விளங்கிற்று. தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

நான் தமிழில் வாசித்தேன். ஒரு வரி முடிந்ததும் நிறுத்தினேன். இதை இந்தியில் யார் சொல்வது என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை. தெரிந்த இந்தியெல்லாம் மறந்துபோயிற்று. கண்டாக்கையா வாயைத் திறந்தார். அதற்குள் வராந்தாவுக்குக் கீழே கூட்டத்திலிருந்து என் வீட்டுக்காரர் படியேறி வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்திருந்தார். எனக்குப் பக்கத்தில் நின்று, நான் வாசித்த வரியை இந்தியில் சொன்னார். அவருக்கு இந்தி என்னைவிட நன்றாக வரும். காட்டு வேலைக்கு வந்த ராஞ்சி ஆட்களோடு பழகியவர்.

ஒன்பது வரியும் அப்படியே போயிற்று. நான் வாசிப்பேன், அவர் சொல்லுவார். ஐந்தாவது வரி, "தூக்கச் சொன்னது கண்டாக்கையாதான்" என்பது. அந்த இடத்தில் அவர் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். அதை மற்ற வரிகளைவிடச் சத்தமாகச் சொன்னார்.

ஆபீசர் கண்டாக்கையாவை எதுவும் கேட்கவில்லை. கம்பவுண்டரைக் கூப்பிட்டார். காயம் பட்டவளைப் போய்ப் பார்த்தார். கைநாட்டு வைத்த இருவரில், என்னிடம் மன்னிப்புக் கேட்டவளை வரச் சொல்லிக் கேட்டார். அவள் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னாள். மற்றவள் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை.

பெரிய நியாயம் ஒன்றும் வந்துவிடவில்லை. வேலை நேரத்தில், வேலையில் நடந்த விபத்து என்று எழுதினார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரியின் வேலை போகவில்லை. கால் ஆறியதும் அவளுக்கு உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்தார்கள். எனக்கு மறுபடி மரம் கிடைத்தது, அதே மேட்டின் உச்சியில். கண்டாக்கையா இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே இருந்தார். என்னிடம் நேராகப் பேசமாட்டார்; என்னைப் பற்றி மரத்திடம் சொல்லுவது போலச் சொல்லுவார். ஆனால் "உங்களுக்கெல்லாம் என்ன தெரியும்" என்ற அந்தக் கேள்வியை என் காது கேட்க அவர் பிறகு கேட்டதில்லை. அவர் மாற்றலாகிப் போகும் வரை தினமும் அவருக்காக ஜெபம் பண்ணினேன். போன பிறகு நிறுத்திவிட்டேன். அது சரியா தப்பா என்று தெரியவில்லை, களைத்துப்போயிருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி கிறிஸ்தவளாகவில்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றினாள், எனக்கும் கொடுத்தாள், குடித்தேன். பைப்படியில் அதற்குப் பிறகும் சண்டை போட்டோம். ஆனால் சண்டை போட்ட கையோடு பேசிக்கொண்டோம். கைநாட்டுக் கேட்டு ஏதாவது தாள் வந்தால் முதலில் அவள்தான் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டுவாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் வந்தார்கள். காலை நாலரைக்கு வருவார்கள். ஜெபம் முடியும் வரை வாசலில் உட்கார வைப்பேன். ஜெபம் வேண்டாதவர்கள் வெளியே இருக்கலாம். வாசிப்பது எல்லாருக்கும்.

அடுத்த வருஷம் கிறிஸ்மஸுக்கு மெயின்லேண்டிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். எங்கள் லயத்தில் நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள்தான். என் வீட்டில்தான் கூட்டம் நடந்தது. நடந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிந்து நடப்பது பற்றி ஒரு மணி நேரம் பேசினார். என்னைப் பார்த்தே பேசினார். முடித்ததும், "அம்மா, விசுவாசம்னா அடக்கம். பெண்களுக்கு அது முக்கியம்" என்றார்.

பத்துப் பேர் இருந்தார்கள். நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, அடங்கி இருக்க எனக்கு நல்லாத் தெரியும். முப்பது வருஷம் அதைத்தான் செஞ்சேன். அதைச் சொல்லிக் குடுக்கச் சாமி வரணுமா? தோட்டமே சொல்லிக் குடுத்துருச்சு. சாமி வேற ஒண்ணைச் சொல்லிக் குடுத்தாரு."

"என்ன சொல்லிக் குடுத்தாரு?"

"பொய்யில கைநாட்டு வைக்காதன்னு."

என் வீட்டுக்காரர் கதவோரம் நின்றிருந்தார். கூட்டத்துக்கெல்லாம் உள்ளே வர மாட்டார். அன்று வந்து பாயில் உட்கார்ந்தார். பிரசங்கியார் வேறு பாட்டைப் பாடச் சொன்னார். பாடினோம்.

அவர் இரண்டு நாள் எங்கள் வீட்டில்தான் தங்கினார். சூரை மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். அவருடைய கருத்து மாறியதாக எனக்குத் தெரியவில்லை. என்னுடையதும் மாறவில்லை.